வரப்புக் கீரையும் ஏரி நண்டும் யாருக்குச் சொந்தம்?

ஐப்பசியில் நாலு நாள் மழை பிடித்தால் போதும். எங்கள் காலனிப் பெண்கள் விடிவதற்கு முன்பே கூடையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். கரம்பில் குப்பைக்கீரை, கழனி வரப்பில் தொய்யக்கீரை, மல்லாட்டைக் கொல்லையில் பண்ணைக்கீரை, வாய்க்கால் ஓரத்தில் பொன்னாங்கண்ணி, தண்ணீர் தேங்கிய இடத்தில் ஆரைக்கீரை, வேலியில் முடக்கத்தானும் முசுமுசுக்கையும். திரும்பி வரும்போது கூடையில் பத்துப் பன்னிரண்டு வகை இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்துக் கடைந்தால் அதற்குப் பெயர் கலவைக்கீரை. அன்றைக்குக் கேழ்வரகுக் கூழுக்கு வேறெதுவும் வேண்டாம்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. பள்ளி விடுமுறை. அம்மாவுடன் கீரைக்குப் போயிருந்தேன். ஏரியை ஒட்டிய கழனி வரப்பில் அம்மா குனிந்து கிள்ளிக்கொண்டிருந்தார். "யாரு அது வரப்புல?" என்று ஒரு குரல். நிலத்துக்காரர். "கீரைதாங்க ஆண்ட" என்றார் அம்மா. அவர் கூடையைப் பார்த்தார். "உங்கப்பன் வெச்சதா? கொட்டு அதை" என்றார். அம்மா கொட்டினார். வாய்க்கால் தண்ணீரில் கீரை மிதந்து போனது.

அவருக்கு அந்தக் கீரை தேவையில்லை. அவர் வீட்டு அடுப்பில் அது ஏறியதும் இல்லை. அதற்கு முந்தைய வாரம்தான் அதே கழனியில் அம்மா களை எடுத்திருந்தார். அப்போது அதே கீரையை மடி நிறையக் கட்டி எடுத்து வந்தார், யாரும் கேட்கவில்லை. களை என்று காலையில் பிடுங்கிப் போட்டால் கூலி. உணவென்று மாலையில் கிள்ளி எடுத்தால் களவு. இந்தக் கணக்கு எனக்கு அப்போது புரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா அழவில்லை. "கொட்டினது போகட்டும். கிள்ளுன கணுவுல நாலு நாள்ல மறுபடி துளிர்க்கும். அடுத்த வாரம் வந்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். இத்தனை ஆண்டுகள் கழித்து அந்த ஒரு வார்த்தையை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவமானப்பட்ட அந்த நேரத்திலும் செடியை உயிரோடு விட்டுவிட்டு வந்த நிம்மதி அவருக்கு இருந்தது. செடியை வேரோடு பிடுங்கியிருந்தால் அடுத்த வாரம் என்ற ஒன்று இல்லை.

எழுதப்படாத சட்டம்

கீரை பறிக்கும் பெண்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி வைக்கப்படாதது. தாய் சொல்லி மகளும், மாமியார் சொல்லி மருமகளும் கற்றுக்கொண்டது.

கிள்ள வேண்டும், பிடுங்கக் கூடாது. பண்ணைக்கீரை கதிர்விட்டுவிட்டால் தொடக் கூடாது, அது விதைக்கு. ஒரு வரப்பில் இருப்பதை முழுவதும் எடுக்கக் கூடாது. பின்னால் வருகிறவளுக்கு வைத்துவிட்டு வர வேண்டும். மருந்தடித்த கழனி என்று தெரிந்தால் நல்ல மழை பெய்து கழுவும்வரை அந்தப் பக்கமே போகக் கூடாது. வயல் நண்டைப் பிடித்தால் திருப்பிப் பார்க்க வேண்டும். வயிற்று மடிப்பில் குஞ்சுகளைச் சுமந்திருந்தால் வளையிலேயே விட்டுவிட வேண்டும். நத்தையில் சிறியதைப் பொறுக்கக் கூடாது. ஏரி வற்றும்போது ஊத்தாவில் மாட்டிய விராலில் பெரியதை எடுத்துக்கொண்டு குஞ்சு விராலை மதகுப் பள்ளத்தில் விட வேண்டும்.

செஞ்சி, திண்டிவனம், மரக்காணம் பக்கத்து இருளர் பெரியவர்களிடம் கேட்டால் இதைவிடப் பெரிய பாடம் கிடைக்கும். வள்ளிக்கிழங்கு தோண்டுகிறவர் கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை வெட்டி, அதே குழியில் வைத்து மண்ணைத் தள்ளிவிட்டு வருவார். அடுத்த மழைக்கு அது மறுபடி கிழங்கு வைக்கும். தேன் எடுக்கிறவர் புழு இருக்கும் அடையை விட்டுவிட்டுத் தேன் பகுதியை மட்டும் அறுப்பார். எலி பிடிக்கிறவர் வளையின் எல்லா வாய்களையும் அறிந்தவர். எந்த வாயை அடைத்து, எதில் புகை ஊத வேண்டும் என்பது கண்ணுக்குப் பழக்கம். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லும் அவருக்குக் கிடைக்கும். நிலத்துக்காரருக்கு மருந்துச் செலவில்லாமல் எலித் தொல்லை தீரும்.

இந்த அறிவு உலகத்துக்குப் பயன்பட்ட ஒரு கதை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வணிகம் நின்றுபோய் இருளர்கள் பிழைப்பு இழந்தார்கள். 1978-இல் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி அவர்கள் கையிலிருந்து போகிறது. பிடித்த பாம்பிடம் அளவோடு நஞ்சை எடுத்து, அடையாளமிட்டு, மறுபடி வெளியில் விட்டுவிடுகிறார்கள். எடுப்பதற்கும் விடுவதற்கும் ஓர் அளவு உண்டு என்பது அவர்களுக்குப் பரம்பரைப் பாடம். அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே இருளரின் பேரனை நம் மாவட்டத்தில் ஒரு களவு வழக்கு வந்தால் முதல் ஆளாக விசாரணைக்குக் கூப்பிடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

பசி கற்றுக்கொடுத்தது

இதை எழுதும்போது எனக்கு ஒரு பயம் உண்டு. பழைய வாழ்க்கையை அழகாக்கி விடுகிறேனோ என்று. கூடாது. எங்கள் பெண்கள் கீரைக்குப் போனது காலை நடைக்காக இல்லை. வீட்டில் காய் வாங்கக் காசு இல்லை. நிலம் இல்லை. எல்லாருக்கும் பொதுவென்று மிச்சமிருந்தது வரப்பும் ஏரியும் கரம்பும்தான்.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் குமணனைப் பார்த்துப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. புலவரின் மனைவி குப்பைக்கீரையைக் கொய்கிறாள். முன்பு கொய்த கணுவில் மறுபடி துளிர்த்த இளந்தளிரைப் பார்த்துக் கொய்கிறாள். உப்பு இல்லை. வெறும் தண்ணீரில் வேகவைத்துத் தின்கிறாள். தமிழாசிரியர்கள் அந்தப் பாட்டில் வறுமையைக் காட்டுவார்கள். சரிதான். ஆனால் கொய்த இடத்திலேயே துளிர்த்ததைக் கொய்தாள் என்பதில் எங்கள் அம்மாக்களின் கை தெரிகிறது. பசியும் அறிவும் ஒரே கூடையில்தான் இருந்திருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க முடியாது.

வெட்கத்தையும் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் என் சோற்று டப்பாவில் நத்தைக்கறி இருந்தது. பக்கத்தில் இருந்தவன் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து அந்த வருடம் முடியும்வரை எனக்குப் பெயர் "நத்தை". வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இனிமேல் நத்தை சமைக்காதே என்று சண்டை போட்டேன். அவர் சமைக்கவில்லை. எத்தனை காலனி வீடுகளில் இந்தச் சண்டை நடந்திருக்கும்! எலிக்கறி, நண்டு, நத்தை, ஈசல், காட்டுக்கீரை என்று எங்கள் தட்டில் இருந்த ஒவ்வொன்றும் எங்கள் சாதிக்கு ஒரு வசைப்பெயராகத் திரும்பி வந்தது. பிள்ளைகள் வெட்கப்பட்டார்கள். அம்மாக்கள் நிறுத்தினார்கள். நின்றது சமையல் மட்டும் இல்லை. எந்தக் கீரை எப்போது, எந்த நண்டை விட வேண்டும் என்ற பேச்சும் நின்றது.

"நல்லதுதானே? அந்தப் பிழைப்பிலிருந்து வெளியே வரத்தானே படிக்க வைத்தோம்?" என்று நம்மவர்களே கேட்பார்கள். நியாயமான கேள்வி. பறை விஷயத்தில் இதே விவாதம் நமக்குள் நடந்தது. சாவு வீட்டில் கட்டாயமாக அடிக்க வைத்த பறையைக் கீழே போடு என்றார்கள் ஒரு தலைமுறைத் தலைவர்கள். அவர்கள் சொன்னது சரி. பிறகு வந்த பிள்ளைகள் அதே பறையை மேடையில் எடுத்து நெஞ்சை நிமிர்த்தி அடித்தார்கள். அதுவும் சரி. கட்டாயம் போனது, கலை நின்றது. கீரைக்கும் நண்டுக்கும் அதே கணக்கைத்தான் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. வேறு வழியில்லாமல் போக வேண்டிய நிலை ஒழிய வேண்டும். போக விரும்புகிறவளைத் தடுக்கும் அதிகாரமும் ஒழிய வேண்டும். இரண்டாவதைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

சுருங்கிப்போன கூடை

இன்று எங்கள் ஊரில் கீரைக்குப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். போனாலும் கூடையில் மூன்று நான்கு வகைக்கு மேல் சேர்வதில்லை. காரணம் வெட்கம் மட்டும் இல்லை.

முதல் காரணம் களைக்கொல்லி. களை எடுக்கப் போன பெண்ணுக்குக் கூலி உண்டு, களையில் இருந்த கீரையும் அவளுக்குத்தான் என்பது பழைய வழக்கம். களைக்கொல்லி இரண்டையும் ஒரே தெளிப்பில் எடுத்துக்கொண்டது. நிலத்துக்காரரையும் குற்றம் சொல்லி முடிக்க முடியாது. கூலி ஆள் கிடைப்பதில்லை, செலவு கட்டுப்படியாகவில்லை என்கிறார். ஆனால் பயிர் இல்லாத வரப்பிலும், வாய்க்கால் கரையிலும், சாலை ஓரத்திலும் ஏன் தெளிக்க வேண்டும்? கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. நம் ஊர் வரப்பில் யார் முதுகில் அந்த டேங்க் தொங்குகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அவரும் பெரும்பாலும் காலனி ஆள்தான். கையுறை இல்லை, முகமூடி இல்லை. காலையில் அவர் தெளித்த வரப்பில் மாலையில் அவர் மனைவி கீரை கிள்ளுகிறார். தெளித்த இடத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டி வைக்க வேண்டும் என்ற எண்ணம்கூட யாருக்கும் வரவில்லை.

இரண்டாவது, நிலம். மேய்க்கால் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்று வருவாய்த்துறைக் கணக்கில் இருப்பதில் பாதி சீமைக்கருவேலம். மீதியில் ஆக்கிரமிப்பு. ஏரிக்குள் பயிர் வைத்திருப்பவர் யார் என்று பார்த்தால் நிலமில்லாதவர் அல்ல. ஏற்கெனவே ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர். பொது நிலம் குறையக் குறைய முதலில் காலியாவது நிலமில்லாதவள் கூடை.

மூன்றாவது, ஏலம். ஏரி மீன் ஏலம் போனால் ஏலம் எடுத்தவருக்கு மீன் சொந்தம். சரி. ஆனால் பல ஊர்களில் ஏலம் எடுத்தவர் ஏரியையே எடுத்துவிட்டதாக நினைக்கிறார். நண்டு பிடிக்கக் கூடாது, நத்தை பொறுக்கக் கூடாது, கொட்டிக்கிழங்கு தோண்டக் கூடாது, கரையில் கீரைக்கும் வரக் கூடாது. அவர் கட்டிய தொகைக்குள் இவையெல்லாம் இருக்கின்றனவா என்று ஏல நிபந்தனைத் தாளைப் படித்துக் கேட்க ஆள் இல்லை.

நான்காவது, பாதுகாப்பு என்ற பெயரில் வரும் வேலி. மரக்காணம் பக்கத்துக் கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,151 ஹெக்டேர். நீர்நிலையைக் காப்பாற்றும் எந்த அறிவிப்பையும் வரவேற்கத்தான் வேண்டும். கூடவே ஒரு கேள்வி. சரணாலயம் அறிவிக்கும்போது அந்த இடத்தில் யார் யாருக்கு என்ன உரிமை இருந்தது என்று மாவட்ட ஆட்சியர் விசாரித்துத் தீர்க்க வேண்டும் என்று வனவிலங்குச் சட்டமே சொல்கிறது. சேற்றில் கையால் துழாவி நண்டும் இறாலும் எடுத்துப் பிழைக்கிறவரிடம் பட்டா இருக்காது, ரசீது இருக்காது. அவர் உரிமையை எந்தத் தாளில் தேடுவது? வந்து கேட்டால்தான் தெரியும்.

பூங்காவில் பாராட்டு, வரப்பில் விரட்டு

வேடிக்கை என்னவென்றால், இதே காலத்தில் காட்டுக்கீரைக்கு மவுசு வந்துவிட்டது. நகரத்தில் கீரை அறியும் நடை என்று கூட்டிப்போகிறார்கள். முடக்கத்தான் தோசை மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது. மூக்கிரட்டை பொடியாகவும், வல்லாரை மாத்திரையாகவும் விற்கின்றன. நத்தைக்கறி மூலத்துக்கு நல்லது என்று தேடி வந்து கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். என் பட்டப்பெயராக இருந்த நத்தைக்கு இன்று நல்ல விலை.

கீரையை அறிந்துகொள்ள விரும்புகிறவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. அறிந்துகொள்ளட்டும். ஆனால் பாராட்டும் பணமும் போகிற இடமும், விரட்டும் வசையும் வருகிற இடமும் வேறு வேறாக இருப்பதை யாராவது சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. கம்பெனிக்காகக் கிலோ கணக்கில் எடுக்கும்போது கிள்ளுகிற கை போய் அரிவாள் வருகிறது. பொடி செய்கிறவருக்கு வேரும் வேண்டும். பின்னால் வருகிறவளுக்கு வைத்துவிட்டு வா என்ற சட்டம் அங்கே செல்லாது.

அறிந்தவருக்குப் பங்கு கொடுக்க முடியாதா? முடியும் என்று காட்டிய ஒரு முயற்சி பொதிகை மலையில் நடந்தது. 1987-இல் கேரளப் பகுதி காணி மக்கள், தாங்கள் களைப்பு தெரியாமல் இருக்கத் தின்னும் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழத்தை விஞ்ஞானிகளுக்குக் காட்டினார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தைத் திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. பிறகு அதில் பல சிக்கல்கள் வந்தன. செடியைக் காட்டிலிருந்து சேகரிக்க வனத்துறை தடை சொன்னதும் அதில் ஒன்று. குறைகள் இருந்தாலும், காட்டிக்கொடுத்தவருக்குப் பங்கு உண்டு என்ற கொள்கையை அது நிலைநாட்டியது. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டமும் அதே வழியில் வந்தது. 2023-இல் செய்த திருத்தமோ, நூல்களில் எழுதிவைக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பங்கு கொடுப்பதிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. ஏட்டில் எழுதியவன் யார், எழுத விடப்படாதவன் யார் என்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

ஜஹீராபாத் பெண்கள்

வழிகாட்ட ஆள் இல்லாமல் இல்லை. தெலங்கானாவில் ஜஹீராபாத் பகுதியில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் சங்கங்களில் இருக்கும் பெண்களில் பெரும்பாலோர் தலித்துகள். நிலமற்ற கூலிகளாக இருந்து, தரிசைத் திருத்திச் சிறுதானியம் விளைவித்தவர்கள். யாரும் விதைக்காமல் கொல்லையில் முளைக்கும் கீரைகளை அவர்கள் களை என்று சொல்வதில்லை. விளைவிக்காத உணவு என்று சொல்கிறார்கள். பல பத்து வகைகளைப் பெயரோடும் பக்குவத்தோடும் பதிவுசெய்திருக்கிறார்கள். களைக்கொல்லி தெளித்தால் ஏழையின் உணவு சாகிறது என்பது அவர்கள் வாதம். 2019-இல் அந்த அமைப்புக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. அவர்களுக்கும் நம் பெண்களுக்கும் அறிவில் வித்தியாசம் இல்லை. அவர்கள் சங்கமாக நின்றார்கள், சிறு துண்டாவது நிலம் கையில் இருந்தது. அதுதான் வித்தியாசம்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் பட்டியலினத்தவர். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நர்சம்மா இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, "தினமும் கீரை சாப்பிடும்மா" என்கிறார். எந்தக் கீரையை, எங்கே போய்?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்றால் அடிதடிக்கும் சாதிப்பெயர் சொல்லித் திட்டுவதற்கும் மட்டும்தான் என்று நினைக்கிறோம். 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, ஒரு பகுதியின் பொதுச் சொத்து வளங்களை மற்றவர்களுக்குச் சமமாகப் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் பயன்படுத்துவதைத் தடுப்பதையும் குற்றம் என்று வரையறுக்கிறது. ஆறு, ஓடை, கிணறு, ஏரி, குளம் எல்லாம் அதில் வருகின்றன. ஏரிக் கரையில் மற்றவர் மாடு மேயலாம், காலனிப் பெண் கீரை கிள்ளக் கூடாது என்றால் அது இந்தப் பிரிவைத் தொடும் விஷயம். 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்த அண்ணல் அம்பேத்கர் கேட்டதும் இந்தச் சமத்துவத்தைத்தான். தண்ணீரைத் தொடும் உரிமை வந்தது. தண்ணீரில் வாழ்வதையும் கரையில் முளைப்பதையும் தொடும் உரிமை இன்னும் முழுதாக வரவில்லை.

பட்டா நிலத்து வரப்பில் இந்தச் சட்டம் நமக்கு உரிமை தராது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அங்கே வழக்கமும் பேச்சும்தான் வழி. பொது இடங்களுக்கோ, கிராமப் பொதுநிலங்களை மீட்கும்படி 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டிருக்கிறது. காட்டோரத்து இருளருக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருக்கிறது. தேன், கிழங்கு, மூலிகை போன்ற சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் அது உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 2016-க்குப் பிறகுதான் அது நகர ஆரம்பித்தது. நகர்ந்தது போதவில்லை.

கிராம சபையில் கேட்போம்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் நம் பெண்கள் ஐந்து விஷயங்களை எழுதிக் கொடுக்கலாம்.

ஒன்று: ஏரிக்கரை, வாய்க்கால் கரை, ஓடை, மேய்க்கால் புறம்போக்கு ஆகியவற்றில் வீட்டுத் தேவைக்குக் கீரை, கிழங்கு, நண்டு, நத்தை எடுக்கும் வழக்க உரிமையைத் தீர்மானமாகப் பதிய வேண்டும்.

இரண்டு: ஏரி மீன் ஏல நிபந்தனையில் மீனைத் தவிர மற்றவை ஏலத்தில் சேராது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

மூன்று: பொதுக்கரைகளிலும் சாலையோரத்திலும் ஊராட்சி களைக்கொல்லி தெளிக்கக் கூடாது. சொந்த நிலத்தில் தெளிக்கிறவர் அடையாளத் துணி கட்ட வேண்டும். இதற்குச் செலவு ஒரு முழத் துணி.

நான்கு: பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். நம் ஊரில் அது இருக்கிறதா, அதைக் காலனிக்கும் இருளர் குடியிருப்புக்கும் வந்து கேட்டு எழுதினார்களா, சொன்னவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி எழுதச் சொல்ல வேண்டும்.

ஐந்து: சத்துணவு மையத்துக்கும் அங்கன்வாடிக்கும் மகளிர் குழு மூலம் கீரை வாங்கட்டும். எவ்வளவு எடுக்கலாம், எந்த மாதம் எடுக்கக் கூடாது என்பதைப் பறிக்கிற பெண்களே முடிவு செய்யட்டும். அளவு அவர்கள் கையில் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுக்குக் கீரை இருக்காது.

கூட்டத்தில் இதைப் படித்தால் சிலர் சிரிப்பார்கள். ரோடு, லைட், தண்ணீர் கேட்காமல் கீரை கேட்கிறார்களே என்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டு வயதானவருக்கு மூட்டுவலி வந்தால் முடக்கத்தான் கேட்டு வரும் வீடு எது என்று அவர்களுக்கும் தெரியும்.

அம்மாவுக்கு இப்போது கண்பார்வை குறைந்துவிட்டது. போன ஐப்பசியில் என் மகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மகள் ஒரு செடியை வேரோடு பிடுங்கிவிட்டாள். அம்மா அதைக் கையில் வாங்கி, கொழுந்தை மட்டும் கிள்ளிக் கூடையில் போட்டுவிட்டு, மீதியை ஈர மண்ணில் ஊன்றி, கட்டை விரலால் அழுத்தினார். "இது பொழச்சுக்கும் பாப்பா" என்றார். பிழைத்ததா என்று பார்க்க அடுத்த வாரம் மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். கரை முழுவதும் மஞ்சளாகக் கருகிக் கிடந்தது. இரண்டு நாள் முன்பு யாரோ மருந்தடித்திருந்தார்கள். எங்கள் ஊர் கிராம சபையில் மூன்றாவது கோரிக்கையை அவள் கையெழுத்தில்தான் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.